நான்கு மீட்டருக்குள் ஓர் உயரம்

இந்தியாவில் விற்பனையாகும் சிறிய எஸ்யூவி கார்களின் விவரக் கையேடுகளை அடுத்தடுத்து விரித்துப் பார்ப்பவரின் கண்ணில் ஓர் எண் திரும்பத் திரும்பப் படும். டாடா நெக்ஸானின் நீளம் 3,995 மி.மீ.; ஹூண்டாய் வென்யூவும் மாருதி பிரெஸ்ஸாவும் கியா சோனெட்டும் ஸ்கோடா கைலாக்கும் அதே 3,995 மி.மீ.; நிசான் மேக்னைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் குறைந்து 3,994. இந்தியா, கொரியா, ஜப்பான், செக் குடியரசு எனப் பல நாடுகளில் வேர்கொண்டு, ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் தனித்தனியே வரைந்த வண்டிகள் இப்படி ஒரே கோட்டில் வந்து நிற்பதற்கு இயற்பியலில் காரணம் ஏதும் இல்லை; காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது.

2006-07ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை, சிறிய கார்களின் மீதான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தபோது, எது சிறிய கார் என்பதற்கும் ஒரு வரையறை வகுத்தது. அதன்படி நீளம் 4,000 மி.மீ.க்கு மிகக் கூடாது. என்ஜினின் கொள்ளளவு, அதாவது உருளைகளுக்குள் பிஸ்டன்கள் ஏறியிறங்கும் இடத்தின் மொத்தக் கன அளவு, பெட்ரோல் வண்டியில் 1,200 சி.சி.க்கும் டீசல் வண்டியில் 1,500 சி.சி.க்கும் மேற்படக் கூடாது. சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின்னும் இந்த வரையறை நிலைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எல்லைக்குள் அடங்கும் கார்களுக்கு 18 விழுக்காடும், எல்லையைத் தாண்டும் கார்களுக்கு 40 விழுக்காடும் விதிக்கப்படுவதால், அந்தக் கோடு முன்னிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. நீளம் மட்டும் அடங்கினால் போதாது என்பதற்குப் பிரெஸ்ஸாவே சான்று: நான்கு மீட்டருக்குள் நின்றாலும் அதன் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. என்பதால் அது மேல் அடுக்கு வரிக்கே போகிறது. மின்கார்களுக்கு இந்த அளவுகோல்கள் எவையும் பொருந்துவதில்லை; அவற்றுக்கு வரி 5 விழுக்காடுதான்.

நீளத்துக்கு வேலி போட்டுவிட்டால், இடம் கேட்கும் வண்டி மேல்நோக்கித்தான் வளர முடியும். 2013இல் சென்னையை அடுத்த மறைமலை நகரிலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 3,999 மி.மீ. நீளத்துக்குள் ஓர் உயரமான உடலை நிறுத்திக் காட்டி இந்தப் பாதையைத் திறந்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஆனால் பெயரை வைத்து இவற்றைக் காட்டுவழி வண்டிகள் என்று எண்ணுவது பிழை. பழைய எஸ்யூவிகள் லாரியைப் போல ஓர் ஏணிச் சட்டகத்தின் மேல் தனியே செய்த உடலைப் பூட்டியவை. இன்றைய சிறிய எஸ்யூவியிலோ முட்டைக்கு ஓடு போல உடலே சட்டகமாகவும் இருந்து பளுவைத் தாங்குகிறது. கார்களுக்குரிய இந்தக் கட்டமைப்பில் உயரமான வண்டி செய்யலாம் என்பதை 1994இல் வந்த டொயோட்டா ராவ்4 உலகெங்கும் பிரபலமாக்கியது. இந்தியாவில் விற்கும் சிறிய எஸ்யூவிகளில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டுமே இழுக்கப்படுபவை. ஆகவே, இவற்றில் ஒன்றை வாங்கும் குடும்பம் உண்மையில் வாங்குவது ஒரு சாதாரணக் காரையும், அதற்கு மேல் சில சென்டிமீட்டர் உயரத்தையும்தான். அந்தச் சென்டிமீட்டர்கள் எங்கே பயன் தருகின்றன, எங்கே விலை கேட்கின்றன என்பதே வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய அறிவியல்.

பயன் முதலில் உணரப்படுவது முழங்காலில். காரின் இருக்கையில் அமர்ந்தவரின் இடுப்பு மூட்டு இருக்கும் இடத்தை வடிவமைப்பாளர்கள் இடுப்புப் புள்ளி என்கிறார்கள்; தரையிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதே ஏறி இறங்கும் எளிமையைத் தீர்மானிக்கிறது. தாழ்ந்த காரில் அமர்பவரின் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுவதால், எழும்போது உடலின் எடையை முன்னே தள்ளவும் மேலே தூக்கவும் தொடையின் முன்தசைகள் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தசைகளின் இழுப்பு முழுவதும் முழங்கால் சில்லின் வழியாகவே செல்வதால், தேய்ந்த மூட்டு உடனே வலியாகப் பதில் சொல்கிறது. சாய்வு நாற்காலியிலிருந்து எழுவதற்கும் சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து எழுவதற்கும் உள்ள வேறுபாடே இது. ஆனால் உயரம் மிகுந்தால் நன்மை தலைகீழாகும்: குள்ளமான மூதாட்டி ஒருவர் புடவையோடு அகலமான கதவுப் படியைத் தாண்டி ஏறும்போது, ஒற்றைக் காலில் எடை முழுவதையும் தாங்கும் அந்த ஒரு கணம் தாழ்ந்த இருக்கையைவிட ஆபத்தானது. இடுப்பைச் சற்றே நகர்த்தி உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி இருக்கை அமைவதே உகந்த உயரம். அந்த உயரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எந்தக் கையேட்டிலும் அச்சாகாது. ஷோரூமுக்கு ஒருவரை மட்டுமே அழைத்துச் செல்ல முடியுமானால், அவர் வண்டி ஓட்டப்போகிறவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் மிக மூத்தவராக இருக்க வேண்டும்.

அடுத்தது தரையிடைவெளி, அதாவது வண்டியின் அடிப்பகுதியில் மிகத் தாழ்ந்து நிற்கும் உறுப்புக்கும் தரைக்கும் இடையிலான தூரம். விளம்பரங்களில் 190, 200, 208 மி.மீ. என்று பெருமையுடன் சொல்லப்படும் இந்த எண் பெரும்பாலும் ஆளும் சுமையும் இல்லாத வெற்று வண்டியில் எடுக்கப்பட்ட அளவு. ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் ஏறியபின் சுருள்வில்கள் அமுங்கி, அதில் ஒரு பகுதி காணாமல் போய்விடும். மேலும், வேகத்தடையில் வயிறு உரசுமா என்பதை இடைவெளி மட்டும் தீர்மானிப்பதில்லை, முன் பின் சக்கரங்களுக்கு இடையேயான அச்சுத் தூரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 2.5 மீட்டர் அச்சுத் தூரமும் 200 மி.மீ. இடைவெளியும் கொண்ட வண்டி, நடுவில் தட்டாமல் ஏறக்கூடிய மேட்டின் உச்சியில் சாலை மடங்கும் கோணம் ஏறத்தாழ 18 பாகை. அதே இடைவெளியோடு அச்சுத் தூரம் 2.7 மீட்டராக நீண்டால் அது 17 பாகைக்கும் கீழே இறங்கும், 2.5 மீட்டர் அச்சுத் தூரத்தில் இடைவெளி 165 மி.மீ. ஆனால் 15 பாகைதான். நான்கு மீட்டர் வரம்பு விதியாக வந்தாலும், குறுகிய வண்டிக்கு இந்த இடத்தில் ஒரு நன்மையையும் சேர்த்தே தந்திருக்கிறது.

இங்கே ஒரு முரண் உண்டு. இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறைப்படி மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். அப்படிக் கட்டப்பட்ட மென்மையான மேட்டைத் தாழ்ந்த காரும் உரசாமல் கடந்துவிடும். தெருக்காரர்கள் ஓரிரவில் சிமென்ட் குழைத்துக் கட்டும் கூரிய திட்டுகளும், பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போடப்போட உயர்ந்துகொண்டே வரும் சாலைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே உருவாகும் செங்குத்துச் சரிவுகளும்தான் கூடுதல் உயரத்தைக் கேட்கின்றன. சாலை செய்யத் தவறியதை ஒவ்வொரு குடும்பமும் தன் காசில் வாங்கிக்கொள்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

2015இலும் 2023இலும் சென்னை கண்ட டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு, உயரமான வண்டி தண்ணீரில் பிழைக்கும் என்ற நம்பிக்கை வலுத்திருக்கிறது. ஓரளவுக்கே அது உண்மை. என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் எந்த உயரத்தில் உள்ளது என்பதே இங்கு முக்கியம். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. ஆகவே உருளைக்குள் நீர் புகுந்த நிலையில் பிஸ்டன் மேலேறினால், வழிவிடுவது நீராக இருக்காது, பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டாகவே இருக்கும். தேங்கிய நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பதன் காரணம் இதுதான். வழக்கமான காப்பீடு இத்தகைய என்ஜின் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், தாழ்வான பகுதியில் குடியிருப்பவர் என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குவது நல்லது.

உயரம் கேட்கும் விலைகளில் மிகக் கடுமையானது நிலைத்தன்மை. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். அது மேலே ஏற ஏற, வளைவில் வெளிப்புறம் தள்ளும் விளைவு வண்டியைக் கவிழ்க்கும் நெம்புகோலாக நீள்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதை ஒரே எண்ணில் அடக்குகிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது நிலைத்தன்மைக் காரணி. சாதாரணக் கார்களுக்கு அது பொதுவாக 1.3 முதல் 1.5 வரையும், எஸ்யூவி போன்ற உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையும் அமைகிறது. சக்கர இடைவெளி 1,540 மி.மீ., ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரத்தில் என்று ஒரு வண்டியைக் கொண்டால் காரணி 1.18, பக்கவாட்டு விசை எடையின் 1.18 மடங்கை எட்டினால்தான் அது கவிழத் தொடங்கும். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு அந்த அளவுக்கு வருவதற்குள் பெரும்பாலும் நழுவிவிடுவதால், சமதளச் சாலையில் இத்தகைய வண்டி கவிழ்வதைவிடச் சறுக்குவதே இயல்பு. பக்கவாட்டில் சறுக்கும் சக்கரம் சாலையோர மண்ணில் புதைந்தாலோ நடுத்திட்டில் இடித்தாலோதான் கணக்கு மாறுகிறது, ஏனெனில் அப்போது நழுவி விலக வழியின்றி விசை முழுவதும் கவிழ்ப்பதற்கே செலவாகிறது. கூரையின் மேல் கேரியர் வைத்து மூட்டைகளைக் கட்டும் குடும்பம், ஈர்ப்பு மையத்தைத் தன் கையாலேயே மேலே தூக்கிவைக்கிறது.

உயரமும் குறுகிய நீளமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை உலகம் 1997 அக்டோபரில் கண்டது. சுவீடனின் ஒரு மோட்டார் இதழ், சாலையில் திடீரெனக் குறுக்கிடும் காட்டு மானைத் தவிர்ப்பது போலச் சட்டென இடமும் வலமும் திருப்பிப் பார்த்து நடத்திய சோதனையில், புத்தம்புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டுமே இருந்த மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அந்தச் சிறிய காரில் எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஸ்டியரிங் திரும்பிய கோணமும் வண்டி உண்மையில் திரும்பும் வேகமும் பொருந்துகின்றனவா என்பதை உணரிகளால் இடைவிடாது ஒப்பிட்டு, பொருந்தாதபோது நான்கில் தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் பிடித்து வண்டியை நேராக்குவதே அதன் வேலை. உயரமான காருக்கு இது அழகுப்பொருள் அல்ல. உயரத்தோடு வாங்கியே தீர வேண்டிய எதிர்மருந்து. மேற்கூரைக் கண்ணாடிக்காக இந்தக் கட்டுப்பாடு இல்லாத பதிப்பைத் தேர்ந்தெடுப்பவர் தம் பணத்தைத் தவறான உயரத்தில் வைக்கிறார்.

அடுத்த விலையைக் காற்று வசூலிக்கிறது. காற்றுத்தடை, வண்டியின் முன்பரப்போடும் வடிவத்தின் வழவழப்பைக் குறிக்கும் ஒரு கெழுவோடும் நேர்விகிதத்தில் கூடும். வேகத்தோடு அதன் இருபடியாகக் கூடும். முன்பரப்பு 2.5 சதுர மீட்டரும் கெழு 0.35உம் உள்ள ஓர் எஸ்யூவியை, 2.1 சதுர மீட்டரும் 0.32உம் உள்ள சிறிய காரோடு ஒப்பிட்டால், 40 கி.மீ. வேகத்தில் முன்னதன் மீதான தடை ஏறத்தாழ 65 நியூட்டன், பின்னதன் மீது 50. டயர்கள் உருள்வதற்கான தடையே அப்போது 140 நியூட்டனுக்கு அருகில் இருப்பதால், நகரத்துக்குள் உயரத்தின் விலை பையில் தெரிவதில்லை. 100 கி.மீ. வேகத்திலோ அவை முறையே 405, 311 நியூட்டன் ஆகின்றன. அதாவது அதே காற்றைக் கிழிக்கவே எஸ்யூவி 11 கிலோவாட்டுக்கு மேல் செலவிடும்போது, சிறிய காருக்கு 9 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. மாதந்தோறும் சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ நான்குவழிச் சாலையில் போய்வரும் குடும்பத்துக்கும், பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்துக்கும் உயரம் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

கையேட்டில் அச்சாகும் மைலேஜ் இந்த வேறுபாட்டைச் சொல்லாது. அந்த எண் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, குளிரூட்டியை இயக்காமல், அதிகபட்சம் மணிக்கு 90 கி.மீ.க்கு மேற்படாத ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டி எடுக்கப்படுவது. ஒரு வண்டியை மற்றொன்றோடு ஒப்பிட அது உதவும், சொந்தச் செலவைக் கணிக்க உதவாது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலவையின் ஆற்றல் லிட்டருக்கு ஆறு, ஏழு விழுக்காடு குறைகிறது.

மைலேஜ் என்ற அளவே மனத்தை ஏமாற்றக்கூடியது என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008இல் சயின்ஸ் இதழில் எடுத்துக்காட்டினர். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் வண்டியை 12 தரும் வண்டியாக மாற்றினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 17 லிட்டர் மிச்சம். 20 தருவதை 25 ஆக உயர்த்தினால் மிச்சம் 10 லிட்டர்தான். ஐந்தின் பாய்ச்சல் இரண்டின் நகர்வைவிடக் குறைவாக மிச்சப்படுத்துவதை மனம் எளிதில் ஏற்பதில்லை. இந்தப் பார்வையோடுதான் ஹைபிரிட் வண்டிகளை எடைபோட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் இயக்க ஆற்றலை மின்னாக்கிச் சேமித்து மீண்டும் சக்கரத்துக்கே தருபவை அவை என்பதால், நின்று நின்று நகரும் நெரிசலில் அவற்றின் சிறப்பு விளங்கும். ஆனால் ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் குடும்பம், லிட்டர் 100 ரூபாய் என்ற விலையில், 15இலிருந்து 22 கி.மீ. மைலேஜுக்கு மாறினால் மிச்சமாவது 21,000 ரூபாய் அளவே; வண்டியின் விலை இரண்டரை லட்சம் கூடுதலாக இருந்தால் அதை ஈடுகட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும்.

என்ஜினைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பம் எந்த மலைக்குப் போகிறது என்ற கேள்விக்கு எதிர்பாராத இடம் உண்டு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், 1,500 கிலோ எடையுள்ள நிறைவண்டியை 30 கி.மீ. வேகத்தில் ஏற்ற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 12 கிலோவாட், அதாவது 16 குதிரைத்திறன் போதும். இந்தியாவில் விற்கும் எந்த என்ஜினும் அதைத் தரும். சிக்கல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற இடங்களில், ஏறக்குறைய நின்றேவிட்ட வண்டியை என்ஜின் மெதுவாகச் சுழலும்போதே மேலே தள்ள வேண்டிய கணத்தில் எழுகிறது. அங்கே வேண்டியது முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் வலிமை. ஹூண்டாய் வென்யூவின், டர்போ இல்லாத 1.2 லிட்டர் இயல்பு என்ஜின் தன் உச்ச முறுக்குவிசையான 114 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளில்தான் எட்டுகிறது. அதைவிடச் சிறிய 1.0 லிட்டர் டர்போ என்ஜினோ 172 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றுகளிலேயே தந்துவிடுகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதன் மறுமுனையால் உருளைக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே டர்போவின் வேலை. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், இயல்பு என்ஜின் தன் வலிமையிலும் அதே பங்கை இழக்கும். டர்போ மெலிந்த காற்றையும் அடர்த்தியாக்கிக்கொள்வதால் பெரிதும் தப்பிக்கிறது. மலையேறாத, நெடுஞ்சாலையில் அரிதாகவே ஓடும் குடும்பத்துக்கு எளிய இயல்பு என்ஜினே மலிவும் நீண்ட ஆயுளும் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலைப்பாதையில் பின்னிருக்கைக் குழந்தைகள் வாந்தியெடுப்பதற்கும் அறிவியல் விளக்கம் உண்டு. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடல் ஆடுவதாகச் சொல்லும்போது, முன்னிருக்கையின் முதுகையோ கைபேசியையோ பார்க்கும் கண் ஆடவில்லை என்று சொல்கிறது. இந்த முரணே குமட்டலாகிறது. ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை நிகழும் மெதுவான அசைவே இதில் மிக மோசமானது. கொண்டை ஊசி வளைவுகளில் உயரமான வண்டி சாய்ந்து நிமிர்வதும் அவ்வகை மெதுவான அசைவே. சாய்வைக் குறைக்க சஸ்பென்ஷனை இறுக்கினால் பள்ளங்கள் முதுகில் தெரியும். பின்சன்னலின் அடிவிளிம்பு அழகுக்காக மேல்நோக்கி ஏற்றப்பட்ட வண்டிகளில் சிறுவர்களுக்கு அடிவானமே தெரியாது. ஆகவே டெஸ்ட் டிரைவின்போது பெரியவர்கள் பின்னிருக்கையிலும் உட்கார்ந்து, குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து ஒருமுறை வெளியே பார்ப்பது வேண்டும்.

குழந்தையைப் பற்றிய கணக்கு ஒன்று இன்னும் கடுமையானது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி பத்தில் ஒரு நொடியில் நின்றால், 12 கிலோ எடையுள்ள குழந்தையை நிறுத்த 170 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். முன்னிருக்கையில் தாயோ தாத்தாவோ மடியில் வைத்து அணைத்திருக்கும் கைகள் எவ்வளவு அன்பானவையாக இருந்தாலும் அந்த எடையைத் தாங்க முடியாதவை. இருக்கையின் மடிப்பில் வண்டியின் உடலோடு பற்றவைத்த இரும்பு வளையங்களில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் முறை இதற்காகவே வந்தது. பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது, ஏனெனில் விரியும் பை அந்த இருக்கையையே குழந்தையின் தலைமேல் அடித்துவிடும்.

2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் மதிப்பீடு பெரியவர், குழந்தை என இருவருக்கும் தனித்தனியே நட்சத்திரம் தருகிறது. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது முதலாவதே என்பதால் இரண்டாவதைத் தேடிப் படிக்க வேண்டும். அதன் முன்மோதல் சோதனையில் வண்டி 64 கி.மீ. வேகத்தில் நொறுங்கக்கூடிய ஓர் அசையாத் தடுப்பில் மோதவிடப்படுகிறது. இது தன்னைப் போன்ற எடையுள்ள மற்றொரு வண்டியோடு மோதுவதற்கு ஒப்பானது. ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறிய வண்டி, நான்கு பெற்ற பெரிய வண்டியோடு நேருக்கு நேர் மோதினால் எது தாங்கும் என்பதற்கு அதில் விடையில்லை. வண்டிக்கு வெளியே நடப்பவரையும் உயரம் பாதிக்கிறது: சுமார் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த பானெட் கொண்ட வண்டிகள் இடித்தால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட மரணம் நேரும் வாய்ப்பு 45 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2023இல் கண்டறிந்தது. வாசலில் விளையாடும் சிறுவன் அந்தப் பானெட்டுக்குக் கீழே மறைந்துபோகக்கூடிய உயரம்தான்.

டயர் பற்றி ஒரு சொல் போதும். 215/60 ஆர்16 என்ற குறியீட்டில் முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, மூன்றாவது உலோகச் சக்கரத்தின் விட்டம். அதன் பக்கச்சுவர் 129 மி.மீ.; விலையுயர்ந்த பதிப்பில் வரும் 215/55 ஆர்17 டயரில் அது 118 மி.மீ.தான். டயரின் மொத்த விட்டம் பெரிதாக மாறுவதில்லை. பள்ளத்தில் அடிவாங்கும் மெத்தைதான் தோற்றத்துக்காக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மெலிந்துபோகிறது.

பணத்தின் பக்கத்திலும் ஒரு கூரிய திட்டு உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட சாலை வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 விழுக்காடு, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு. 9.90 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு வரி ஏறத்தாழ 1.29 லட்சம், 10.10 லட்சம் என்றால் 1.82 லட்சம். விலையில் இருபதாயிரம் கூடும்போது வரியில் ஐம்பத்து மூன்றாயிரம் கூடுகிறது. எல்லைக்குச் சற்றே மேலே நிற்கும் பதிப்பைத் தேர்ந்தெடுப்பவர், கூடுதலாகக் கிடைக்கும் வசதிக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு கொடுக்கிறார். அங்கே ஒரு படி இறங்கிக்கொள்வதோ, ஏறுவதானால் துணிந்து இன்னும் மேலே ஏறிவிடுவதோதான் கணக்குக்கு ஒத்துவரும். எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடுபவருக்கு இந்தத் திட்டு கண்ணில் படாது.

பணம் கட்டிய பின், பதிவெண்ணுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தாள்கள் போவதற்கு முன்பாகவே, தமக்கென ஒதுக்கப்பட்ட வண்டியைக் கிடங்கில் பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்துவிடுவது வாங்குபவரின் கடைசி வேலை. பதிவு முடிந்த வண்டியை மாற்றித் தரச் சொல்லிப் போராடுவது எளிதல்ல. அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்து, சேசிஸ் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு, நான்கு டயர்களின் பக்கச்சுவர்களிலும் ஒரு நீள்வட்டத்துக்குள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2325 என்றிருந்தால் அந்த டயர் 2025ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்தது. டிக்கியின் தளத்தைத் தூக்கி, உபரிச் சக்கரத்தின் இலக்கங்களையும் பார்ப்பது நல்லது. நான்கு மீட்டருக்குள் இடம் தேடிய பொறியாளர்கள் அங்கே வைத்திருப்பது மற்ற நான்கைவிடச் சிறிய சக்கரமாக இருக்கக் கூடும்.